முற்றும் போட்ட பிறகு தொடங்கிய படம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேட்டரம்மாவைப் பார்த்தவர்கள் குறைவு, அவர் குரலைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளைக்கு நானூறு அழைப்பாவது வரும். "லைன்ல இருங்க" என்று சொல்லி, எலும்பு டாக்டரைக் கேட்டவருக்கு எலும்பு டாக்டரையும் பிரசவ வார்டைக் கேட்டவருக்குப் பிரசவ வார்டையும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க வாய் ஓயாத வேலைதான். ஆனால் இன்றைக்கு ஒருவரிடம் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு பேச்சும் இருக்காது.

வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். கணவர் லாரி ஆபீசில் கிளார்க். தங்கமான மனுஷர். சோபாவில் படம் பார்க்க உட்கார்ந்தால் பெயர் போட்டு முடிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிடும். படம் முடிந்ததும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "ஹீரோ இருக்கானா, போயிட்டானா?" என்று மட்டும் கேட்பார்.

"அந்த வீட்டுக்குள்ள வரும்போது அவன் ஏன் செருப்பைக் கழட்டவே இல்ல, பாத்தீங்களா?" என்று ஆப்பரேட்டரம்மா ஆரம்பித்தால், "உனக்கு எங்கேருந்துதான் இதெல்லாம் தோணுதோ!" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பாசமான சிரிப்புதான். அந்தப் பாசம்தான் இந்த அம்மாவுக்கு ஆகவே ஆகாது. சாவியைத் தொலைத்தாலும் "விடு, விடு". சாம்பார் தீய்ந்தாலும் "விடு, விடு". முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கொடுத்துவைத்தவள் என்றார்கள். இவருக்கு மட்டும், தன்னை யாரோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே அலைவது போல ஓர் எரிச்சல் இருந்தது.

போனில் சினிமாக் குழுக்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொடுத்தது தங்கை. முதலில் நுழைந்த இடத்தில் இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் ஒருவர் குடும்பத்தை ஒருவர் சந்திக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆப்பரேட்டரம்மா பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "ஆன்ட்டி, அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க" என்று பதில் வந்தது. அன்றே வெளியே வந்துவிட்டார்.

அப்புறம்தான் 'ரெண்டு தடவை' என்கிற குழு கிடைத்தது. மொத்தமே நாற்பது பேர், இரண்டே சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு தடவை முழுசாகப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது. இன்னொருவரை மறுக்க வேண்டுமென்றால், முதலில் அவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்லிக் காட்டி, அவரிடம் "ஆமாம், அதுதான்" என்று வாங்கிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். எல்லோருக்கும் அங்கே புனைபெயர். இவர் 'லைன்ல இருங்க' என்று வைத்துக்கொண்டார். செருப்பைக் கழட்டாதவனைப் பற்றித் தயங்கித் தயங்கி நாலு வரி போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து 'மூணாவது வரிசை' என்பவர் பதில் எழுதியிருந்தார். நிஜத்தில் ஏதோ ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், குழுவிலேயே கறாரான ஆள். "நீங்க சொல்றது, அவன் அந்த வீட்டுல தங்கப்போறதில்லன்னு நமக்கு முன்னாடியே அவன் காலுக்குத் தெரிஞ்சிருக்கு, சரியா? சரின்னா, எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு." அந்த ஆட்சேபணை இரண்டு பக்கம் நீண்டது. ஆப்பரேட்டரம்மா அதைச் சாப்பாட்டு இடைவேளையில் ஏழு தடவை படித்தார். தான் சொன்னது தவறு என்று ஒருத்தர் இரண்டு பக்கம் மெனக்கெட்டு எழுதியிருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அன்று மத்தியானம் இருதய நோயாளிக்குப் பல் டாக்டரைக் கொடுத்துவிட்டார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. 'லைன்ல இருங்க' என்ன சொல்கிறார் என்று குழு காத்திருக்கிற அளவுக்கு ஆனது. அப்போதுதான் அந்தப் பழைய படம் வந்தது.

அதை எடுத்தவர் வாழ்நாளில் எடுத்தது அந்த ஒரே படம். கிடைப்பது அரிது. தங்கை எங்கேயோ பிடித்து இரண்டு துண்டாகப் போனுக்கு அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்பரேட்டரம்மா மேலே இருந்ததை முதலில் போட்டார், கீழே இருந்ததை அடுத்துப் போட்டார்.

எடுத்த எடுப்பில் ஒரு கணவனும் மனைவியும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் பெட்டியோடு ரயிலேறிப் போய்விடுகிறாள். திரையில் 'முற்றும்' என்று வருகிறது. அதற்குப் பிறகு இசை முழங்கப் பெயர்கள் ஓடுகின்றன! அதே இருவரும் சின்ன வயதில் சந்திக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். புது வீட்டு ஜன்னலில் நின்று அவள் சிரிக்கிறாள். 'இடைவேளை' என்று போட்டு, படம் நின்றுவிடுகிறது.

சாதாரணமாகப் படம் பார்க்கிற யாராவது இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தலையைச் சொறிந்திருப்பார். நம் அம்மாவோ இரண்டு வருஷமாகத் தீவிரமாக ரசித்துப் பழகியவர். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சட்டப்படி இரண்டாம் தடவையும் அதே வரிசையில் பார்த்தார். பிறகு எழுதினார்: "பிரிவை முதலில் காட்டிவிட்டதால், பின்னால் வருகிற ஒவ்வொரு சிரிப்பும் நமக்கு வலிக்கிறது. முற்றும் என்று போட்ட பிறகு தொடங்குவதற்கும், இடைவேளை என்று போட்டு முடிப்பதற்கும் என்ன துணிச்சல் வேண்டும்!"

வேறு குழுவாக இருந்தால் பத்தாவது நிமிஷம் "ஆன்ட்டி, பாகத்தை மாத்திப் போட்டுட்டீங்க" என்று சொல்லியிருப்பார்கள். இங்கே இவர்மேல் எல்லோருக்கும் மரியாதை. அதனால் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. "நான் மூணு தடவை பாத்திருக்கேன், என்கிட்ட இருக்கறது நேர் வரிசை" என்று எழுதினார் மூணாவது வரிசை. "டைரக்டர் நினைச்சபடி வெட்டின பிரதி வேற ஒண்ணு இருந்துதோ? அதுதான் உங்க கையில கிடைச்சிருக்கோ?" குழுவே எழுந்து உட்கார்ந்தது.

ஆப்பரேட்டரம்மா பெருமையோடு தங்கைக்குப் போன் செய்தார்.

"அக்கா, மேல இருக்கறது ரெண்டாவது பாகம்க்கா. அனுப்பும்போதே சொன்னேனே!" என்றாள் தங்கை. அப்புறம் விஷயம் புரிந்து, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். "முற்றும் போட்டப்புறம்கூடவா உனக்குச் சந்தேகம் வரல?"

ஆப்பரேட்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் குழுவில் கிடைத்த இடம் கையைவிட்டுப் போய்விடும் என்று பயம். இனிமேல் என்ன எழுதினாலும் அங்கேயும் பாசமாகச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் தள்ளினார், இரண்டு நாள் தள்ளினார்.

மூன்றாம் நாள், டைரக்டரின் மகளைத் தேடிப் பிடித்து எழுதிக் கேட்டிருப்பதாக மூணாவது வரிசை அறிவித்தார். ஆறாம் நாள் அந்த மகளின் பதிலைக் குழுவில் போட்டார். அறுபது வயதுப் பெண். "அப்பா நினைத்தபடி படம் வரவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கோ இருக்கிறதா? இரண்டு நாளாக அலமாரி, பெட்டி எல்லாவற்றையும் இறக்கிப்போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்."

அதற்கு மேல் ஆப்பரேட்டரம்மாவால் தாங்க முடியவில்லை. அந்தச் சாப்பாட்டு இடைவேளையிலேயே உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார், தங்கை சிரித்ததையும் சேர்த்து. மகளின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, அவருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதமும் அனுப்பினார். "அம்மா, தேடாதீங்க. தப்பு என்னோடது."

மாலையில் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோது மூணாவது வரிசையின் பதில் இருந்தது.

"பாகம் மாறிப் பாத்ததுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துது, இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மை தெரிஞ்சும் நீங்க ஆறு நாள் பேசாம இருந்திருக்கீங்க. நடுவுல நான் லெட்டர் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன், அவங்களும் வீட்டைக் கலைச்சுத் தேடியிருக்க மாட்டாங்க. எனக்கு உங்கமேல ரொம்பக் கோபம். ஏன் சொல்லல? பதில் எழுதுங்க, காத்திருக்கேன்."

மகளின் பதில் தொடங்கி எல்லாவற்றையும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு இந்த ஆளு? தெரியாமப் பண்ணிட்டா, விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? இப்படியா வக்கீல் மாதிரி கேக்கறது? நீ அந்தக் குழுவை விட்டு வெளிய வா முதல்ல."

ஆப்பரேட்டரம்மாவின் கண் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. கணவருக்கு அது விளங்கவில்லை.

"விடலையேங்க அவரு," என்றார். "நானும் ஒரு ஆளுன்னு நெனச்சுக் கேட்டிருக்காரு. தப்பு பண்ணினா ஏன்னு கேக்கணும், கேட்டா இவகிட்ட ஒரு பதில் இருக்கும்னு. இத்தனை வருஷத்துல நீங்க என்னை ஒரு தடவை அப்படிக் கேட்டதுண்டா? கோவிச்சுக்கறதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?"

கணவருக்குத் தெரிந்த பதில் "விடு, விடு" ஒன்றுதான், அதை இப்போது சொல்ல முடியவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். பாத்திரம் எதையோ எடுத்து, அதே இடத்தில் வைத்தார். ஆப்பரேட்டரம்மா போனில் பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

கணவர் திரும்பி வந்து, சோபாவில் உட்காராமல், ஒரு நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"அந்த டைரக்டரோட பொண்ணு பாவம், ரெண்டு நாளா வீட்டைக் கலைச்சுத் தேடியிருக்கு," என்றார். குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. "நீ பண்ணினது சரியில்ல. ஏன் சொல்லாம இருந்தே?"

அவர் முகத்தில் சிரிப்பில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். ஆப்பரேட்டரம்மா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் இவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.