அப்ப வாறன்

லண்டனில், மிச்சம் என்கிற பகுதிக்கும் கோலியர்ஸ் வுட்டுக்கும் நடுவில், டிராம் பாதையை ஒட்டி, ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. இந்த நாட்டில் கால்பந்துக் கழகங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் வருகிறவை மேல் தட்டு. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால், விரல்கள் முடியப்போகிற இடத்தில் இந்த மைதானத்துக்காரர்கள் அகப்படுவார்கள். வார நாட்களில் சாமான் வான் ஓட்டுகிறவர்களும் குழாய் திருத்துகிறவர்களும் சனிக்கிழமை மூன்று மணிக்குக் காற்சட்டை மாற்றிக்கொண்டு விளையாட இறங்குவார்கள். ஆனால் நாட்டின் பெரிய கப்புக்கு இவர்களும் பெயர் கொடுக்கலாம். விடாமல் வென்றுகொண்டே போனால், தொலைக்காட்சிக் கழகம் ஒன்று இந்தச் சேற்றில் வந்து விளையாட வேண்டிவரும். இதுவரை அப்படி நேர்ந்ததில்லை. நேரும் என்று நம்புகிறவர்கள் ஓர் இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனாக என் சிநேகிதன் இருந்தான்.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் மிச்சத்தில் ஒரே அறையில் இருந்தோம். அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மைதானத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்தது. இப்படித்தான் அவன் கால்பந்து ரசிகனானான். என்னையும் ஒருமுறை இழுத்துக்கொண்டு போனான். தொண்ணூறு நிமிடமும் நான் குளிரைப் பற்றி மட்டுமே பேசினேன் என்று பிற்பாடு தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அது அவதூறு. இடைவேளையில் தேநீரைப் பற்றியும் பேசினேன்.

பிறகு அவன் மிச்சத்தில் கடை போட்டான். நான் கவுன்சிலில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சனிக்கிழமைகளில் அவன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, தின்ன ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு மைதானத்துக்குப் போவான். நான் ஒரு தடித்த புத்தகத்தோடு சோபாவுக்குப் போவேன். நாற்பதாம் பக்கம் அளவில் புத்தகம் என் நெஞ்சின்மேல் கவிழும், நான் உறங்கிவிடுவேன். இதைத்தான் ஊரெல்லாம் என் வாசிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"சனிக்கிழமை வாறியோ?" என்று அவன் கேட்பான்.

"பாப்பம்" என்பேன்.

எங்கள் தமிழில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்று பொருள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் துணியாதவர்களுக்கான சொல் அது. இருபத்தைந்து வருடமாக அவன் கேட்டான், நானும் பார்ப்போம் என்றேன், இருவரும் சேர்ந்து எதையும் பார்க்கவில்லை.

போன வருடம் அவன் கடையை விற்றுவிட்டு, டொரோண்டோவில் இருக்கும் மகளோடு போய் இருப்பதென்று முடிவாகியது. பயணத்துக்கு முந்திய வியாழக்கிழமை நான் கடைக்குப் போனேன். வழக்கத்துக்கு மாறாகக் கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

"மச்சான், இந்தச் சனிக்கிழமை கப் மேட்ச். இந்த ரவுண்டை எங்கட ஆக்கள் ஒருக்காலும் தாண்டினதில்லை. எனக்கும் இதுதான் கடைசி. வாறியோ?"

"பாப்பம்" என்றேன். அவனுக்குப் பின்னால் ஓர் அம்மா புளியின் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் வல்லாரைக் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, திரும்பிப் பார்த்து, எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"சரி மச்சான், அப்ப வாறன்."

விடைபெறும்போது 'போறன்' என்று சொல்வது எங்கள் ஆட்களிடையே ஆகாது. திரும்பி வரவே போவதில்லை என்றாலும் 'வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"சந்தோசம் மச்சான்" என்றான் அவன்.

வல்லாரையோடு வெளியேறுகிற ஒருவனைப் பார்த்து எந்தக் கடைக்காரனும் சந்தோசம் என்று சொல்வதில்லை. நான் தொலைந்ததில் சந்தோசம் என்கிறான், நல்ல பகிடி என்று எண்ணிக்கொண்டு டிராமில் சிரித்தபடி வந்தேன். சொற்களைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லியே பெயரெடுத்தவன் நான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எழுந்து பார்த்தபோது, அவனிடமிருந்து மூன்றேகாலுக்கு ஒரு மிஸ்ட் கால் இருந்தது. மறுநாள் அவனுக்கு வைத்திருந்த பிரியாவிடை விருந்து விஷயமாக இருக்கும், அங்கே நேரிலேயே கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மண்டபத்தில் நூறு பேர். அவனைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்து, "நேற்று ஏதும் அலுவலோ?" என்று கேட்டான்.

"ஓம் மச்சான், கொஞ்சம் அலுவல்" என்றேன். எதைப் பற்றிக் கேட்கிறான் என்றுகூட யோசிக்கவில்லை. அவன் தலையாட்டிவிட்டு, என் தட்டில் இன்னொரு வடையை வைத்தான்.

இந்த வருடம், டிராமில் போகும்போது மைதானத்து வேலியில் அதே கப்புக்கான அறிவிப்பைக் கண்டேன். போய் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினால் அவன் மகிழ்வான் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், நான் போனேன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் அவா. மூன்று மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன். சுழல்கதவில் சீட்டுக் கொடுக்கும் வெள்ளைக்காரக் கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோல்ஸ் கொண்டுவருவாரே, அவருக்குச் சொந்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிநேகிதன் என்றேன்.

"அந்தச் சிநேகிதனா?"

எந்தச் சிநேகிதன் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "போன வருடம் கப் அன்றைக்கு அவர் உள்ளே வரவில்லை. இரண்டு சீட்டை வாங்கிக்கொண்டு இந்த இடத்திலேயே நின்றார். டிராம் வந்து நிற்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது, நீங்கள் போங்கள், ஆள் வந்தால் நான் அனுப்பி வைக்கிறேன் என்றேன். உள்ளே எங்கே நிற்பதென்று அவனுக்குத் தெரியாது என்றார்."

"எவ்வளவு நேரம் நின்றார்?"

"இடைவேளை வரைக்கும். ஒரே ஒரு கோல், முதல் பாதியிலேயே விழுந்துவிட்டது. நாங்கள் அந்தச் சுற்றைத் தாண்டினோம். சத்தம் கேட்டு அவரும் இங்கே நின்று கை தட்டினார். ரோல்ஸ் முழுவதையும் எனக்கே தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்."

உள்ளே விசில் ஊதினார்கள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருடனேயே நின்றேன். அவனைப் பற்றி அவர் இன்னும் சொன்னார். மைதானத்துக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட உதவியதை, மழை நாட்களில் தேங்கிய தண்ணீரை வழித்ததை, ஒவ்வொரு வாரமும் ஒருவனை அழைத்து வருவதாகச் சொன்னதை. இருபத்தைந்து வருட நட்பில் எனக்குத் தெரியாத பாதியை ஒரு சுழல்கதவுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் டொரோண்டோவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை.

"என்னடா, இந்த நேரத்தில?"

"கிரவுண்டில நிக்கிறன்."

"எந்தக் கிரவுண்ட்?"

"உன்ர கிரவுண்ட்தான். மச்சான், அண்டைக்கு எனக்காகவே வெளியில நிண்டனி?"

"நீ வாறன் எண்டெல்லே சொன்னனி."

"அது கடையை விட்டு வெளிக்கிடேக்க சொன்ன வாறன்."

"ஓ" என்றான். பிறகு சிரித்தான். "நான் அதை மற்ற வாறன் எண்டு நினைச்சிட்டன். பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு திரும்பிப் பாத்துச் சொன்னனியே. மனம் மாறிட்டுது எண்டு நினைச்சன்."

"அடுத்த நாள் கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான் தானே. அலுவல் எண்டு சொன்னனி."

அவனே பேச்சை மாற்றினான். "ஸ்கோர் என்ன?"

"தெரியாது. நானும் இன்னும் வாசலடியிலதான் நிக்கிறன்."

"நல்ல ரசிகன்தான். உள்ளுக்குப் போடா. தேத்தண்ணிக் கடைப் பக்கக் கோலுக்குப் பின்னால, ரெண்டாவது கம்பத்தடி. அதுதான் எங்கட இடம்."

எங்கட என்றான். அந்த முதல் குளிர்காலத்துக்குப் பிறகு நான் ஒரு நாளும் நிற்காத இடம்.

"சரி மச்சான், அப்ப வாறன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

"எந்த வாறன்?" என்றான். பகிடிபோலத்தான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான். டொரோண்டோவுக்கு எத்தனை விமானங்கள் போகின்றன, எனக்கு எத்தனை நாள் விடுமுறை மிச்சம் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"பாப்பம்" என்றேன்.

"ஓம்" என்றான் அவன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுழல்கதவைத் தள்ளினேன். கிழவர் என் சீட்டைப் பார்க்கவேயில்லை. இரண்டாவது கம்பத்தடியில் யாரும் இருக்கவில்லை. ஓர் ஆளுக்கு இடம் விட்டு, பக்கத்தில் நின்றேன். இரண்டாம் பாதியில் கோல் எதுவும் விழவில்லை. குளிர் நன்றாகவே இருந்தது. சொல்லிக் குறைபட்டுக்கொள்ள அங்கே ஆளில்லை.