ஸ்வெட்டரோடு நாற்பத்தாறு கிலோ

எடை மெஷின் பொய் சொல்லாது என்றுதான் நான் நம்பினேன். எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் காம்பவுண்டராக இருந்தேன். பக்கத்துத் தலைச்சோலை ஊரிலிருந்து இருசாயம்மா மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு வருவார். முள் நாற்பத்தாறில் நிற்கும். சீட்டில் எழுதிவிட்டு, "காப்பித் தோட்டத்து உடம்புங்க, இரும்பு!" என்று பாராட்டு வேறு.

ஒரு நாள் மாத்திரை வாங்கியும் கிளம்பவில்லை, பெஞ்சிலேயே இருந்தார்.

"ஏனுங் சாமி, பஸ் படி ஏறறதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மலையடிவாரத்துக் குப்பனூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்து எட்டு மாதமாம். போன தடவை படியில் கால் தூக்க வரவில்லை. கண்டக்டர், "இந்த மூட்டைக்கும் லக்கேஜ் போடணுமா?" என்று கேட்டிருக்கிறான். அதோடு பஸ் பக்கமே போகவில்லை. மகளுக்கோ படுத்த மாமியாரை விட்டு வர வழியில்லை.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "கையூனாம எந்திரிங்க." முடியவில்லை. என் பக்கம் திரும்பி, "ஸ்வெட்டரோடயா எடை போடறே?" என்றார்.

கழற்றினோம். கம்பளி, மேல் ஸ்வெட்டர், உள் ஸ்வெட்டர், இடுப்பில் வெற்றிலைப் பை. நாற்பது கிலோ! சதை குறையக் குறையக் குளிர் கூடி, துணி கூடியிருக்கிறது. நான் துணிக்கு எடை போட்டிருக்கிறேன்.

டிபிதான் என்று முடிவுகட்டி, மூக்கில் கர்ச்சீப் கட்டி, எனக்கே இருமல் வந்து, என் சளியையும் சேர்த்து டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

"ஒண்டிக்கட்டைங்க. யாருக்காக ஆக்கறது? வரக்காப்பியும் பன்னுந்தான்" என்றார் இருசாயம்மா.

"வயசானா சதை கரையும். திங்காம, உக்காந்தே இருந்தா ஓடியே போயிரும்" என்றார் டாக்டரம்மா. தினம் முட்டை, கொள்ளு, கடலை. காலை மாலை பத்துத் தரம் உட்கார்ந்து எழ வேண்டும். மருந்து அவ்வளவுதான்.

வியாழன்தோறும் இருசாயம்மா வந்து எங்கள் பெஞ்சில் செய்து காட்டுவார். துணைக்கு நானும் எழுவேன். ஏழாவதில் என் முட்டிதான் சத்தம் போட்டது.

"கண்ணு, நீ நொம்ப வீக்கு. ஒரு முட்டை நீயும் தின்னு."

நாலாம் மாதம், குப்பனூர் பஸ். கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கி வைத்தார், ஏறிவிட்டார்.

"கண்டக்டரே, மூட்டை ஏறிக்கிச்சுங்க. ரைட் சொல்லுங்க!"

பஸ்ஸே சிரித்தது. நானும் கைதட்டினேன், மடையன், அடுத்த வியாழனை நினைத்துக்கொண்டு.

அதன்பிறகு ஸ்வெட்டரோடு யாரையும் நான் எடை போட்டதில்லை. வியாழக்கிழமைகளில் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எழுந்து பார்த்திருக்கிறேன். கேலி பண்ண ஆளில்லாமல் ஏழு தரம் தாண்டியதில்லை.

இருசாயம்மா மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மலைக்குத் திரும்பி வரவில்லை.