மெஷின் அக்காவின் கட்டைவிரல்

இறால் உரிக்கும் கூடத்தில் என் அக்காவுக்கு மெஷின் என்று பெயர். கூட வேலை பார்க்கிற பெண்கள் வைத்தது. ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை உருவிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். மற்றவர்கள் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் அவள் தட்டு நிரம்பியிருக்கும். எல்லாம் வலது கட்டைவிரலின் வேலை. அந்த விரல் இப்போது இல்லை. யாராவது கேட்டால் "போச்சு" என்பதோடு அக்கா நிறுத்திக்கொள்கிறாள். எனக்கு அப்படி நிறுத்த வராது, வயிறு எரிகிறது, அதனால் நான் சொல்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறால் பண்ணையில் தீவனம் போடுகிறவர். அந்தப் பண்ணைச் சரக்குதான் அக்காவின் மேசைக்கு வரும். "நான் பாலூட்டாத குறையாக வளர்த்து அனுப்புகிறேன், இவள் சட்டையைக் கழற்றி அனுப்பிவிடுகிறாள்" என்பது அவருடைய அரதப் பழசான ஜோக். குளத்தில் இறால் சோர்ந்து மிதந்தால் முதலாளி ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தனுப்புவார். மனிதர்களுக்குக் கிருமியைக் கொல்லத் தருகிற அதே ஆன்டிபயாடிக்தான். மாமா அதைத் தீவனத்தில் பிசைந்து வீசுவார். போகப் போக, இறால் துள்ளிக்கொண்டிருந்தாலும் பொடி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்றாராம் முதலாளி.

அதில் கொஞ்சம் பொட்டலமாக எங்கள் வீட்டு அலமாரிக்கும் வந்து, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. யாருக்கு வெட்டுக்காயம் பட்டாலும் மாமா ஒரு சிட்டிகை எடுத்து அப்புவார். இறாலையே காப்பாற்றுகிறது, நம்மையா விட்டுவிடப் போகிறது என்பார். உரிக்கிற பெண்களில் பாதிப் பேர் அக்காவிடம் பொட்டலம் வாங்கிப் போவார்கள். கையுறை போட்டால் இறால் வழுக்கும், தட்டு நிரம்பாது, மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் வெறுங்கை, கையெல்லாம் கீறல், கீறலெல்லாம் குளத்துப் பொடி.

ஒருநாள் இறாலின் தலைக்கொம்பு அக்காவின் நகக்கண்ணில் ஏறியது. அடிக்கடி ஏறுகிறதுதான். பொடியை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் விரல் வீங்கியது, மாமா இன்னும் கொஞ்சம் அப்பினார். அதற்கும் மறுநாள் விரல் கறுத்து, முழங்கை வரை வீங்கி, ஜுர வேகத்தில் அவள் என்னையே யாரென்று கேட்டாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மாற்றிப் போட்டார்கள், அதற்கும் கேட்கவில்லை. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டரம்மா, இதற்கு முன்னால் என்ன மருந்தெல்லாம் எடுத்திருக்கிறாள் என்று கேட்டார். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள் என்று பெருமையாகச் சொன்னேன். மாமா சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஊசியோடு இதையும் அப்பலாமா என்று கேட்பதற்காகக் கொண்டு வந்திருந்தாராம். அந்த வெகுளித்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது.

பொட்டலமாக மடித்திருந்த மருந்து உறையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா விசாரித்தார். மாமா சொன்னார். டாக்டரம்மா பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"குளத்துல இதப் போட்டுக்கிட்டே இருந்தா, சாகுற கிருமி செத்துடும். சாகாததுதான் மிஞ்சிப் பெருகும். அதுதான் இவங்க விரலுக்குள்ள போயிருக்கு. நாங்க போட்ட ஊசியும் இதே வகை மருந்துதான். இந்த மருந்துலயே வளந்ததுக்கு இதையே போட்டா எப்படிங்க கேக்கும்?"

எங்கோ தேடிப் பிடித்த வேறொரு மருந்தால் கையைக் காப்பாற்றினார்கள், விரலை எடுத்த பிறகு. இனிமேல் அந்தப் பொடியைத் தொடமாட்டேன் என்று மாமா அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

முதலாளி ஆப்பிளோடு பார்க்க வந்தார். கிருமி எங்கேதான் இல்லை, கடலில் இல்லையா, எங்கள் குளம்தான் என்று எப்படிச் சொல்வது என்று பூசி மெழுகினார். மருந்து கலந்திருக்கிறதென்று வெளிநாட்டுக்காரன் வாங்க மறுத்த சரக்கை உள்ளூர்ச் சந்தையில் தள்ளிவிட்ட ஆள் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆப்பிளாலேயே மண்டையைப் பதம் பார்த்திருப்பேன். அக்கா நிதானமாகக் கேட்டாள்.

"உங்க வீட்ல இந்த இறாலச் சாப்புடுவீங்களா, முதலாளி?"

"எங்க வீட்ல கடல் இறால்தாம்மா."

வாய் தவறி வந்துவிட்டது. கைபேசியைப் பார்த்தபடியே எழுந்து போனார்.

கட்டைவிரல் இல்லாமல் அக்காவுக்குத் தலை பின்ன வரவில்லை. மாமா கற்றுக்கொண்டார். காலைத் தீவனம் போட்டுவிட்டு வந்து, கோணலும் மாணலுமாகப் பின்னிவிடுவார். அக்கா கேலி செய்வாள், ஆனால் அந்தக் கோணலோடேயே கடைக்குப் போய் வருவாள்.

போன வாரம் குளத்தில் மறுபடி இறால் சோர்ந்தது. மாமா சீப்போடு வந்து பின்னால் உட்கார்ந்ததும், அக்கா திரும்பி அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். அந்தப் பொடியின் கசப்பு வாடை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"போட்டீங்களா?"

"நான் போடலைன்னா வேற ஒருத்தன் போடப் போறான்," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா எழுந்து ஒரு துணிப் பையை எடுத்தாள். விரித்த தலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உரிக்கும் கூடத்து வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே போகிற பெண்கள் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, தான் கொடுத்த பொட்டலத்தைத் திருப்பி வாங்கினாள். கட்டைவிரல் இல்லாத கையால் அவளுக்குப் பையைப் பிடிக்க வரவில்லை. பின்னாலேயே ஓடி வந்த மாமா பையை விரித்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பை நிரம்பியதும் அக்கா சொன்னாள்: "இதக் கொண்டு போயி உங்க முதலாளி மேசைல கொட்டிட்டு வாங்க. அப்புறம் பின்னி விடுங்க."

அந்தப் பை இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. நான் பின்னிவிடப் போனால் அக்கா கையைத் தட்டிவிடுகிறாள். மாமா தினமும் காலையில் சீப்பை எடுக்கிறார், பையைப் பார்க்கிறார், சீப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்.