ஜுனைதா உடைத்த பின்சுவர்

நெல் வள்ளத்தில் வந்திறங்கிய காலத்தில், ஆற்றைப் பார்த்தபடி அந்த மாடிவீட்டை ஜுனைதாவின் உம்மாவுடைய வாப்பா கட்டினார். கீழே நெல் அடுக்கும் அறை, மேலே பலகைத் தளம். ஊர் வழக்கப்படி வீடு பெண்வழியே வந்து ஜுனைதாவிடம் சேர்ந்தது.

அதன் பழமைதான் அவளுக்கு இடைஞ்சலாகிப் போனது. போன வருடம் துறைத்தெருவின் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதென்று முடிவாகி, அவள் வாசலிலும் அதிகாரிகள் அறிவிப்புப் பலகை அறைந்தார்கள். இனி எதையும் அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது. பெருநாள் கழிய மகள் றுமைஸாவுக்கு நிக்காஹ். மருமகன் வந்து குடியிருக்க வேண்டிய வீட்டில் ஒழுங்கான குளியலறைகூட இல்லை. பின்சுவரை எடுத்துவிட்டு வீட்டை நீட்டலாமா என்று ஜுனைதா அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். பதில் வரவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, றுமைஸா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனதும், இரும்பு அலவாங்கை எடுத்துத் தானே சுவரைக் குத்தினாள். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த வேகத்தில் இன்னும் குத்தினாள். மேலே மரம் நெரிகிற சத்தம் கேட்டது. ஓடுகள் சரிந்தன. முற்றத்துக்கு ஓடி வந்தவள் போனை எடுத்தாள். பலகை அறைய வந்த அதிகாரி, பாண்டிருப்புச் சுஜித்தாவின் நம்பர் அதில் இருந்தது.

"மிஸ், நான்தான் சுவரை உடைச்சன். மேல்தளத்து வளைமரம் இறங்குது."

"உள்ளுக்குப் போகாதீங்க ராத்தா. இந்தா வாறன்."

சுஜித்தா தச்சரோடு வந்தாள். முதலில் வளைக்கு முட்டுக் கொடுத்தார்கள். பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"மேல்தளத்தைத் தாங்கிறதே இந்தச் சுவர்தான். குளியலறைய முற்றத்துல தனியாக் கட்டலாம். அதுக்கு அனுமதி கிடைக்கும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே, மிஸ்?"

"நீங்க சுவரப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க."

ஜுனைதா சரிந்த ஓடுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கத் தொடங்கினாள்.

பழைய முறையில் சுண்ணாம்பால் எழுப்பிய சுவர் காயக் காலம் பிடித்தது. நிக்காஹ் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை பஸால் மட்டும் வந்து பார்த்து, "ஆறுதலாக் காயட்டும் மாமி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வீடு எனக்கு இப்படியே போதும் உம்மா. நீங்க இனி உடைக்காம இருந்தாச் சரி" என்றாள் றுமைஸா.

முற்றத்தில் குளியலறையும் எழும்பி, நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மாடியைப் பிள்ளைகளுக்கு விட்டு, ஜுனைதா கீழே நெல் அறைக்கு மாறினாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஆறு. மாரி மழைக்குக் கரை மண் கரைந்து, வேலிக்கட்டை ஒன்று சாய்ந்து கிடந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் போனை எடுத்தாள்.

"மிஸ், இந்த முறை ஒண்டையும் தொடல்ல. கேட்டுப்போட்டுச் செய்வம் எண்டுதான் எடுத்தன்."