வாய் திறக்கக் கூடாத மகன்

திரை மறுபடியும் உறைந்துவிட்டது.

மாமனார் இடது கை விரலால் கண்ணாடியைத் தட்டினார். பிறகு உள்ளங்கையால் அறைந்தார். 'எனக்கு' என்ற ஒற்றைச் சொல் அசையாமல் நின்றது. பக்கவாதம் பேச்சையும் வலது பக்கத்தையும் பறித்துக்கொண்ட பிறகு, கட்டில் மேசையில் இருந்த அந்தச் சின்னத் திரைதான் அவருக்கு வாய். எழுத்துகளைத் தொட்டால் அது குரலாக்கிச் சொல்லும்.

"என்னங்க? தண்ணியா?" என்று ஓடிவந்த மாமியார், கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன வாரமும் இதே கேள்விதான். அன்றைக்கும் திரை உறைந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். இவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னும் முனகினார், இன்னும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, சிறுநீர் அடைத்துத் துடித்த மனிதருக்குத் தம்ளர் தம்ளராகப் புகட்டியிருக்கிறார்கள் என்று. கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியான சாப்பாடு இல்லை. அடுத்த முறை எப்போது உறையும்? உறையும்போது அவர் என்ன சொல்ல வந்திருப்பார்?

வேறு கருவி வாங்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இதன் கட்டங்களுக்குத் தன் விரலைப் பழக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்!

இத்தனைக்கும் அந்தத் திரையை ஓட்டுகிற நிரலை எழுதியவர்களில் ஒருத்தி, அந்த வீட்டு மருமகளேதான். இணையத்தில் அவள் பெயர் குருவி. கணவனுக்கும் அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. பகலில் எடைக்கருவி செய்யும் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்தால் படுக்கையறை மூலையில் ஒரு மேசை, அதுதான் அவள் உலகம்.

திரைக்குப் பின்னால் இருப்பது ஆர்ம் வகைச் சிப் ஒன்று. அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். சிப்புக்குள் படம் வரைகிற பகுதியை வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சிப் நிறுவனம் அதைப் பூட்டிய பெட்டியாகத்தான் கொடுக்கும். லினக்ஸ் புதுசானால் பழைய பெட்டி ஒத்துவராது, நிறுவனமோ கைகழுவிவிடும். அப்படி அநாதையான சிப்புகளுக்காக, முகம் பார்த்திராத சிலரோடு சேர்ந்து, யாரும் திறந்து படிக்கக்கூடிய டிரைவரை எழுதிக்கொண்டிருந்தாள் குருவி. சம்பளம் கிடையாது. சிப்பிடம் எதையாவது கொடுப்பது, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது, ஊகிப்பது. நிறுவனத்தின் ரகசியத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் போச்சு. எழுதியதெல்லாம் திருட்டுச் சொத்தாகிவிடும். எல்லோருடைய உழைப்பும் குப்பைக்குப் போகும்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அவள் கணவன் வேலை பார்த்தது அதே சிப் நிறுவனத்தில்!

அவன் அங்கே சேர்ந்த அன்றே அவள் சட்டம் போட்டுவிட்டாள்: ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலிலேயே நிற்கணும். அவளுக்குக் காபி கொண்டுவரும்போதுகூட, திரையைப் பார்த்துவிடாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வருவான். "புருஷன் பொண்டாட்டி மூஞ்சி கொடுத்துப் பேசிக்கிறதில்லைன்னு எதிர் வீட்டுல கேக்குறாங்கடி" என்று மாமியார் கேலி செய்வார். இன்றைக்கு அவரிடம் கேலி இல்லை.

"டேய், இது ஏன் நிக்குதுன்னு உனக்குத் தெரியும்ல?"

மகன் சுவரைப் பார்த்தான். "அம்மா, விடும்மா."

"என்னத்தை விடுறது? நீ எதையாவது மறைச்சா காது சிவந்துடும். இப்ப பாரு, மொளகாப்பழம் மாதிரி நிக்கிற. பெத்த அப்பன் வாயடைச்சுக் கெடக்காரு, தெரிஞ்ச பதிலை முழுங்கிட்டு நிக்கிறியே, உனக்கு மனசு கல்லாடா?"

"சொன்னா என் வேலை போகும். போனா போகட்டும், வேற தேடிக்கலாம். இவ எழுதினதெல்லாம் போயிடும்மா. கூட எழுதினவங்க உழைப்பும் போயிடும்."

குருவிக்கு மாமனாரின் உள்ளங்கை தெரிந்தது. அறைந்து அறைந்து கன்றிப்போயிருந்தது.

"சொல்லிடுங்க" என்றாள். "நான் இன்னைக்கே விலகிக்கிறேன். இனிமே அவங்க நிரல்ல கை வைக்க மாட்டேன். மாமாவோட திரையை மட்டும் சரி பண்ணிக்கிறேன்."

"குருவி, நீ அதை விட்டுட்டு எப்படிடி இருப்பே?"

"இருந்துக்கிறேன். சொல்லுங்க!"

அவன் கண் கலங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "அந்தச் சிப் வந்து..."

பளீரென்று ஒரு சத்தம்.

மாமனாரின் இடது கை மகனின் வாயை அறைந்து அப்படியே பொத்திக்கொண்டிருந்தது. பேச முடியாத அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? வேண்டாம், வேண்டாம் என்று தலை ஆடியது.

"உங்களுக்காகத்தாங்க கேக்குறேன்!" என்று மாமியார் கதறினார். அவர் மசியவில்லை. கையை எடுத்து, குருவியை அருகில் வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

அங்கே நின்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

குருவி திரையை நிறுத்தி மறுபடி இயக்கி, தன் மடிக்கணினியோடு கம்பியால் இணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, மனசுல வர்றதை எழுதுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

அவர் தொட்டார். ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து. பிறகு விரல் அந்தரத்தில் நின்றது. யோசித்தார்.

"அந்தப் 'ப'வைத் தொடுங்களேன், சீக்கிரம்!" மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அவசரப்படுத்தாதீங்க."

நீண்ட யோசனைக்குப் பிறகு விரல் இறங்கியது. திரை உறைந்தது.

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விடாமல் தொட்டால் ஓடுகிறது, யோசித்தால் நிற்கிறது! தன் மேசையில், அதே சிப் உள்ள இன்னொரு திரையில் அவள் செய்த சோதனைகள் எல்லாம் சிப்பை மூச்சுவிடாமல் விரட்டியவை. ஒன்றாவது அதைச் சும்மா இருக்க விட்டதா? சும்மா இருந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது தூங்கப்போகும். தூங்கி எழுந்ததும்?

மூலை மேசைக்கு ஓடினாள். வேலை கொடுத்து, காத்திருந்து, மறுபடி கொடுக்கும்படி சோதனையை மாற்றினாள். முதன்முறையாக அவள் மேசையிலேயே திரை உறைந்தது. சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள்.

தூங்கி எழுந்த சிப்புக்கு, நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. அவள் நிரலோ, எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நம்பி வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தது. எழும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும்படி எழுதினாள். சோதனை ஓடியது. நிற்கவில்லை.

"அவன் சொல்ல வந்தது இதானா?" என்றார் மாமியார்.

"தெரியாது அத்தை. தெரியவும் வேண்டாம்."

நண்பர்கள் சரிபார்க்கட்டும் என்று திருத்தத்தை அனுப்பிவிட்டு, மாமனாரின் திரையிலும் அதை ஏற்றினாள். அப்போது மகன் திரும்பி வந்தான். அவன் வாசற்படியிலேயே நின்றான். மேலுதடு வீங்கியிருந்தது. அவனைப் பார்த்துவிட்டு அவர் எழுதத் தொடங்கினார்.

விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரல் இறங்கியது, அடுத்த கட்டத்துக்குப் போனது, அதற்கடுத்த கட்டத்துக்கும்.

"ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டது திரையின் குரல்.

மகன் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.