ராசாத்தி அத்தையின் ஏலக்காய் அறை

போடியில் எங்கள் வீட்டுக்கு இன்று மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பாயசத்துக்கு மனைவி ஏலக்காய் தட்டினாள். வாசனை எழுந்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

சின்ன அத்தையைப் பெண் பார்க்கத் தேவாரம் ஊரிலிருந்து வந்தபோது நான் சிறுவன். மூத்தவள் ராசாத்தி அத்தைக்கு வரன் அமையவேயில்லை. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பதா என்று பேச்சு வருமே! அதனால் ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறையில் அவளை உட்காரவைத்து, "சத்தங்கித்தம் வராம இரு தாயி" என்று அம்மா பூட்டினாள். சின்ன அத்தையை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வீடே ராசாத்தி அத்தையை மறந்தது.

மறுநாள் காலை, மூட்டை எடுக்க அப்பா சாவி கேட்டபோதுதான் அம்மாவுக்கு உறைத்தது. ஜன்னலில்லாத அறை. அந்த நெடியில் இருமல் வெளியே கேட்காதிருக்க, சேலைத் தலைப்பை வாயில் திணித்து உட்கார்ந்திருந்தாள் அத்தை. கண்கள் ரத்தச் சிவப்பு.

"அவுக போயிட்டாகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று வந்தவர்கள், "வீட்டுல பெரியவுக யாரு? கூப்பிடுங்க" என்றார்கள். கல்யாணமாகாமல் எங்களோடே இருந்துவிட்ட ராசாத்தி அத்தையின் கட்டில் காலியாக இருந்தது. அந்த ஏலக்காய் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"வெளிய வாங்கத்தே, ஒங்களத்தான் கேக்குறாக."

"மெதுவாப் பேசப்பு" என்றது உள்ளிருந்து குரல். "அவுக போகட்டும்."