சத்தம் நிறுத்தப்போய் நின்ற வண்டி

முடிச்சூரில் கால் டாக்சி ஓட்டுகிறேன். மழைத் தண்ணீர் புகுந்து கெட்டுப்போன இன்ஜினை மெக்கானிக் செல்வம் முழுவதும் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். வால்வுப் பக்கம் மட்டும் ‘டிக் டிக்’ என்று சத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. செல்வத்திடம் போய்க் குறை சொல்லவும் கூச்சம். நானே இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தும் டேப்பட் திருகுகளைச் சத்தம் நிற்கும்வரை இறுக்கிவிட்டேன்.

சில நாளில் படப்பை ரோட்டில் வண்டி இழுக்காமல் துடித்து நின்றது. பின்னால் வந்த லாரி உரசாமல் ஒதுங்கிப் போனது. எனக்குப் பயம்கூட வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை இன்ஜின் கட்ட என்னால் முடியாது. வண்டி இல்லையென்றால் பிழைப்பும் இல்லை.

போன் செய்ததும் செல்வம் வந்தார். வண்டியைப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தள்ளினோம். சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, அந்த ஓட்டை வழியாகக் காற்றடித்தார். சைலன்சரில் ‘உஸ்’ என்று காற்று வந்தது.

“பிஸ்டன் ரிங் நல்லா கீது சார். வால்வு மூடாம லீக் ஆவுது. டேப்பட்ல யாரு கை வெச்சது?”

“நான்தான். சத்தம் வந்துது...”

“அந்த டிக் டிக் சத்தம் வந்தா, வால்வுக்கு மூச்சுவிட எடம் கீதுன்னு அர்த்தம் சார். நீங்க கழுத்த நெரிச்சிட்டீங்க!”

திருகைத் தளர்த்தியதும் காற்று நின்றது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும் என்றார். இன்ஜின் தப்பியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை.

இப்போதெல்லாம் வண்டியில் எது புதிதாகக் கேட்டாலும், கூச்சத்தோடேயே அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன். என் ஸ்பேனரையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.